டீஃபாகர் ரிப்பேர் கிட்: பாட்டிலைத் திறக்கும் முன் மீட்டரை எடுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் கண்ணாடியில் குறுக்காக ஓடும் செம்பழுப்புக் கோடுகள்தான் டீஃபாகர், கரன்ட் பாய்ந்தால் சூடேறிக் கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்கும். அந்தக் கோடுகள் அறுந்துபோனால் இணைப்பதற்கென்று ஒரு கிட் விற்கிறார்கள். அட்டையைப் பிரித்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான்: வெள்ளித் தூளோ செம்புத் தூளோ கலந்த பெயின்ட் ஒரு குட்டிக் குப்பியில், ஒரு மெல்லிய பிரஷ், நடுவில் கோட்டின் அகலத்துக்கு வெட்டிய ஸ்டிக்கர் ஒன்றிரண்டு. பெர்மாடெக்ஸ் மாதிரி பெயர் பெற்ற கம்பெனி கிட்டும் உண்டு, பெயரே அச்சிடாத சீனத்துக் குப்பியும் உண்டு. கோட்டில் சில மில்லிமீட்டர் வெட்டு விழுந்து மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால், இந்த கிட் சொன்ன வேலையைச் செய்யும். அதற்கு மேல் எதையும் செய்யாது. வாங்கிப் பூசிவிட்டு "சுத்த ஏமாத்து வேலை" என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களில் பாதிப்பேரின் காரில் பழுது கண்ணாடியிலேயே இருந்திருக்காது. கண்ணாடிக்குக் கரன்ட் வந்து சேராத காரில் எந்தப் பெயின்டைப் பூசி என்ன பயன்?

செட்டிநாட்டில் டீஃபாகர் எதற்கு என்று சிரிக்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு ஒரு கூபேயை, அதாவது பின்பக்கம் சாய்ந்த இரண்டு கதவுக் காரை, ஓட்டிப் பார்க்கவேண்டும். நனைந்த துணியோடு மூன்று பேர் ஏறினால் போதும், பின் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். டேஷ்போர்டு புளோயரின் காற்று அந்தச் சாய்ந்த கண்ணாடி வரைக்கும் போகாது. ஏசியைக் கூட்டினால் இன்னொரு வம்பு: கண்ணாடி குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் வெளிப்பக்கம் படியும். பின்னால் வைப்பர் இல்லாத காரில் அதைத் துடைக்க வழியில்லை. கண்ணாடியைச் சூடாக்கினால் இரண்டு பக்கமும் தெளியும். கொடைக்கானல் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லாப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இது பொருந்தாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையின் துணிக்கூரையோடு வந்தது பிளாஸ்டிக் ஜன்னல், அதில் கோடே கிடையாது. 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் சூடேறும் கண்ணாடி வந்தது. போர்ஷே 944, மாஸ்டா ஆர்எக்ஸ்-7 மாதிரி பெரிய கண்ணாடிக் கதவு பின்னால் திறக்கும் கார்களில் கோடும் உண்டு, கோடு கெட்டுப்போக வழியும் நிறைய உண்டு.

கோடு எப்படிக் கெடுகிறது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு தனிக் காரணம் இருக்கிறது: சன் ஃபிலிம். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உத்தரவு போட்டது, மே 4-இலிருந்து அமலுக்கு வந்தது. போலீஸ் நிறுத்தும் பயத்தில் அவசர அவசரமாகப் பிளேடை வைத்துச் சுரண்டி எடுத்த கண்ணாடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டீஃபாகர் கோடு கண்ணாடியின் உள்பக்கத்தில் வெள்ளிக் கலவையால் அச்சடித்துச் சுட்டெடுத்தது. ஃபிலிம் ஒட்டுவதும் அதே உள்பக்கத்தில்தான். பிளேடு மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கினால் நாலைந்து கோடு ஒரே நேர்கோட்டில் அறுந்திருக்கும். அறுந்த இடங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரிசையாக இருந்தால் அது பிளேடு வேலை, சந்தேகமே வேண்டாம். அப்படிப்பட்ட கண்ணாடியில் ஒரே கோட்டில் இரண்டு மூன்று வெட்டும் இருக்கும். முதல் வெட்டை மட்டும் ஒட்டிவிட்டு "வேலை செய்யலையே" என்று நிற்பது அங்கேதான்.

இன்னொரு காரணம் சாமான். பின்கதவு திறக்கும் காரில் சீட்டை மடித்துப் போட்டு, விசேஷத்துக்கு எவர்சில்வர் தூக்கும் பித்தளைக் குத்துவிளக்கும் ஏற்றினால் ஏதாவது ஒரு விளிம்பு கண்ணாடியில் உரசிக்கொண்டே வரும். இந்த உரசல் பிளேடு மாதிரி ஒல்லியாக வெட்டாது, கோட்டை அரை விரல் நீளத்துக்குத் தேய்த்தே எடுத்துவிடும். தேய்ந்த நீளம் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் பெயின்ட் உதவும், அதுவும் அதிகம் செலவாகும்.

இனி, பாட்டிலைத் திறப்பதற்கு முந்தைய வேலை. கோடுகள் ஏணிப் படி மாதிரி. இரண்டு ஓரத்திலும் நிற்கும் அகலப் பட்டைதான் ஏணிக் கால், அதற்குப் பெயர் பஸ்பார். ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் எர்த். ஒரு படி உடைந்தால் அந்தப் படி மட்டும் போகும், மற்றவை சூடாகும். ஆகவே ஒன்றிரண்டு கோடு மட்டும் தெளியவில்லை என்றால் கண்ணாடியில் பழுது. ஒரு கோடுகூடச் சூடாகவில்லை என்றால் பழுது வேறெங்கோ: ஃபியூஸ், ரிலே (சிறு கரன்டால் பெரிய கரன்டை ஆன் செய்யும் சுவிட்ச்), டேஷ்போர்டு சுவிட்ச், வயர், எர்த், அல்லது வயரை மாட்டுவதற்குப் பஸ்பாரில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகத் தகடு. மேல் பாதி முழுக்க, அல்லது கீழ் பாதி முழுக்கச் செத்திருந்தால் பஸ்பாரே நடுவில் கீறியிருக்கும். இந்த மூன்றில் கிட் உதவுவது முதலாவதற்கு மட்டும்தான்.

எந்தக் கோடு சாகிறது என்று பார்க்க, விடியற்காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஈரத்துணியால் ஒரே சீராகத் துடைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு டீஃபாகரைப் போடுங்கள். உயிருள்ள கோட்டை ஒட்டி ஈரம் முதலில் காயும். நடுப்பகலில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை, வெயிலில் எல்லாமே காய்ந்துவிடும். டேஷ்போர்டில் விளக்கு எரிவதை நம்பவேண்டாம். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ரிலேயின் காயிலுக்குப் போகும் சிறு கரன்டோடு சேர்ந்தது. ரிலேயின் உள்ளே காண்டாக்ட் கருகிப்போயிருந்தாலும் விளக்கு சமர்த்தாக எரியும்.

ஒரு கோடுமே சூடாகாத காரில் இப்படிப் போங்கள். ஃபியூஸை வெளியே எடுத்துக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் அதன் இரண்டு காலையும், அது உட்காரும் கிளிப்பையும் பாருங்கள். பழைய ஐரோப்பியக் கார்களில் வரும் பீங்கான் ஃபியூஸில் முனை கறுத்து, கம்பி அறுந்திராமலேயே கரன்ட் போகாமல் நிற்கும். கழற்றி, முனையைத் தேய்த்து, கிளிப்பைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டாலே பாதிக் கார்கள் சரியாகிவிடும். அதன்பின் ரிலே. நாலு கால் ரிலே என்றால் 30, 87 என்ற எண் போட்ட இரண்டு துளைகளை 2.5 ஸ்கொயர் எம்எம் வயரால், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து இணையுங்கள். கண்ணாடி சூடானால் வயரும் கோடும் நல்லவை, கெட்டது ரிலேயோ சுவிட்சோ. டைமரோடு சேர்ந்த ரிலேயில் கால்கள் அதிகம், அதற்கு அந்தக் காரின் வயரிங் படத்தைப் பார்க்காமல் கைவைக்க வேண்டாம். டைமர் உள்ள கார்களில் 10, 15 நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும், அது பழுதல்ல.

மல்டிமீட்டர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பஸ்பார்த் தகட்டில் இருந்து வயரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். "கரன்ட் வருதுண்ணே, கண்ணாடிதான் போச்சு" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரன்ட் அணுவளவு. அந்த வயரில் இருபது இழையில் பத்தொன்பது அறுந்திருந்தாலும் மீட்டர் 12-ஐத்தான் காட்டும். மீட்டருக்குப் பதில் ஒரு ஹெட்லைட் பல்பை, 55 வாட் ஹாலஜனை, அந்த வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே போடுங்கள். அது நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் வயர் நல்ல வயர். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அரிப்பு.

அரிப்பு எங்கே என்று தேட, எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, இன்ஜின் ஓட, டீஃபாகர் எரிய, இரண்டு அளவு எடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை எர்த் பக்கப் பஸ்பாரில்: 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் மறுபக்கப் பஸ்பாருக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் வயரிலோ கனெக்டரிலோ ரிலேயிலோ இழப்பு. ஒரு வோல்ட் என்ன பெரிதா என்று நினைக்கவேண்டாம். சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தில் போகிறது. பேட்டரியில் 13.8 இருந்து கண்ணாடியில் 11 மட்டும் நின்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூடு போய்விட்டது. கோடு எல்லாம் உயிரோடு இருந்தும் "கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெளியுது" என்கிற கார்கள் இவைதான். எர்த் ஸ்குரூவைக் கழற்றி, அடியில் பெயின்டையும் பச்சை பூத்த துருவையும் எமரித் தாளால் பளபளப்பாகும்வரை தேய்த்து, பல்வெட்டிய வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் பல வருஷம் தாங்கும். அரிப்பைப் பற்றி நாட்டுக்கே ஆராய்ச்சி செய்து கொடுக்கும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற காரைக்குடியில், எர்த் ஸ்குரூவைக் கழற்றிப் பார்க்காமல் புதுக் கண்ணாடிக்கு ஆள் தேடுவது வேடிக்கைதான்.

பின்கதவு திறக்கும் கார்களில் வயர் அறுவது பெரும்பாலும் கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள். கதவு திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே செம்பு அறுந்துபோகும், மேலே பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாக இருக்கும். ரப்பரை இறக்கிவிட்டு ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பாருங்கள், அறுந்த வயர் ரப்பர் பேண்ட் போல நீளும். சில பழைய கார்களில் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் வழியாகவே கரன்ட் போகிறது. அதில் சாதாரண ஸ்ட்ரட்டை மாற்றிப் போட்டிருந்தால் டீஃபாகர் அன்றோடு செத்திருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் கார்களில் எலியையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பின் சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்க்கற்றையை ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் தேறி, கோட்டில்தான் பழுது என்று உறுதியானால் வெட்டு எங்கே என்று கண்டுபிடிக்கவேண்டும். மீட்டரை ஓமில், அதாவது மின்தடை அளக்கும் நிலையில், வைத்து இரண்டு பஸ்பாருக்கும் நடுவே அளப்பது வீண் வேலை. கணக்குக்காக 12 கோடு, ஒவ்வொன்றும் 12 ஓம் என்று வையுங்கள். மொத்தம் ஒரு ஓம். ஒரு கோடு அறுந்தால் 1.09 ஓம். மீட்டரின் முனை வயரே அரை ஓம் வரை காட்டும்போது இந்த வித்தியாசம் எங்கே தெரியும்? வோல்ட்டில் தேடுவதுதான் வழி. டீஃபாகரைப் போட்டுவிட்டு, கறுப்பு முனையை எர்த் பக்கப் பஸ்பாரில் வையுங்கள். சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள், இட்லிப் பொட்டலத்துக்கு வரும் அதே தாள் போதும். வெறும் ஊசி முனையால் தொட்டால் நல்ல கோட்டையும் கீறிவிடுவீர்கள். கோட்டின் நடுவில் தாளை விரலால் அழுத்துங்கள். ஆறு, ஏழு வோல்ட் காட்டினால் கோடு நல்லது. 12-க்குப் பக்கத்தில் காட்டினால் வெட்டு நடுவுக்கும் எர்த் பக்கத்துக்கும் இடையில். பூஜ்யம் காட்டினால் வெட்டு மறுபாதியில். அந்தப் பாதியில் முனையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் 12-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே எண் துள்ளும். அங்கேதான் வெட்டு. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அடையாளம் வையுங்கள், உள்பக்கம் வேண்டாம். ஒரே கோட்டில் இரண்டு வெட்டு இருந்தால் நடுத்துண்டு எதிலும் சேராமல் தொங்கும், அங்கே மீட்டர் நிலையில்லாமல் ஏதேதோ எண் காட்டும்.

இப்போதுதான் பாட்டில்.

முதலில் இடத்தைச் சுத்தம் செய்வது. பழைய ஃபிலிமின் பசை கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படலமாக நிற்கும், அதன்மேல் பூசினால் பெயின்ட் ஒரு மாதத்தில் செதிலாகக் கழன்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால், கோடு ஓடும் திசையிலேயே, துணியில் அழுக்கு ஒட்டாதவரை துடையுங்கள். வெட்டின் இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கோட்டின் மேல் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் இரண்டு மூன்று தடவு. பழுப்பு நிறம் போய் வெள்ளி மினுங்கவேண்டும், அதற்கு மேல் தேய்த்தால் கோடே போய்விடும். பெயின்ட் அந்த மினுங்கும் உலோகத்தைத் தொட்டால்தான் கரன்ட் ஏறும், பழுப்புப் படலத்தின் மேல் ஏறாது.

கிட்டோடு வரும் ஸ்டிக்கர் ஸ்டென்சிலைப் பற்றி ஒரு குறை. அதில் வெட்டிய அகலம் எல்லாக் காருக்கும் பொருந்துவதில்லை. வளைந்த கண்ணாடியில் ஓரம் தூக்கிக்கொண்டு, பெயின்ட் அடியில் கசிந்து கோடு மீசை வைத்த மாதிரி ஆகிவிடும். பெயின்ட் கடையில் கிடைக்கும் நல்ல மாஸ்க்கிங் டேப்பை மேலும் கீழும் ஒட்டி, நடுவில் பழைய கோட்டின் அகலத்துக்கே, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு உள்ளாக, இடம் விடுவது மேல். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

குப்பியைக் குலுக்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். உலோகத் தூள் அடியில் படிந்திருக்கும். மேலே மிதப்பது வெறும் பசை, அதைப் பூசினால் பார்க்கக் கோடு மாதிரி இருக்கும், கரன்ட் போகாது. இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு குச்சியால் அடிவரை கலக்கிப் பார்த்து, கட்டி இல்லை என்று தெரிந்த பிறகு பிரஷை விடுங்கள். ஒரே பூச்சாகக் கெட்டியாக அப்பவேண்டாம். கெட்டிப்பூச்சு மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, காயும்போது குறுக்கே வெடிக்கும். மெல்லிய பூச்சு மூன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே 10, 15 நிமிடம். வெட்டைத் தாண்டி இருபக்கமும் நல்ல கோட்டின் மேல் முக்கால் சென்டிமீட்டராவது ஏறவேண்டும். கடைசிப் பூச்சு முழுக்க இறுகும் முன்பே டேப்பைச் சாய்வாக மெல்ல உரியுங்கள், இறுகிய பின் உரித்தால் கோடும் சேர்ந்து வரும்.

நேரம் முக்கியம். சித்திரை, வைகாசி மதியத்தில் வெயிலில் நின்ற காருக்குள் இதைச் செய்தால் பெயின்ட் பிரஷிலேயே நூல்பிடித்துவிடும். காலை எட்டு மணிக்குள், கொட்டகை நிழலில், கண்ணாடி கையைச் சுடாத நிலையில் செய்யவேண்டும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு, காய்வதற்கு அதிக நேரம் கொடுக்கவேண்டும். எப்படியானாலும் ஒரு முழு நாள் டீஃபாகரைப் போடக்கூடாது. அவசரப்பட்டுப் போட்டுப் பார்த்தால் கரைப்பான் கொதித்துக் குமிழ் விட்டு, குமிழ் விட்ட இடத்திலேயே திரும்ப அறுந்துவிடும்.

பக்கத்துக் கோட்டின் மேல் ஒரு சொட்டு வழிந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு நல்ல கோடுகளில் வோல்ட்டேஜும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே அவற்றுக்கு நடுவே கரன்ட் பாயாது. பார்க்க அசிங்கம், அவ்வளவே. ஆனால் மேலே தனியாக ஓடும் ரேடியோ ஆன்டெனாக் கோடு இருக்கும் காரில் அதன் மேல் படவிடக்கூடாது.

ஒட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடி மேல் ஊதிப் பார்ப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. மறுநாள் டீஃபாகரைப் போட்டு, மீட்டரைக் குறைந்த வோல்ட்டில் வைத்து, ஒட்டின் இருபக்கமும் சரியாக இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் தொடுங்கள். அதே இடைவெளியில் பக்கத்து நல்ல கோட்டையும் தொடுங்கள். 120 சென்டிமீட்டர் நீளமும் 12 ஓமும் உள்ள கோடு என்றால் நல்ல இடத்தில் 0.2 வோல்ட் காட்டும். ஒட்டில் 0.3, 0.4 வந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டை நெருங்கினால் அந்த இடத்தில் சுற்றியுள்ள கோட்டைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு சூடு குவிகிறது என்று பொருள். சில வாரத்தில் அது கருகும். மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்துத் திரும்ப அளந்து பாருங்கள். இந்த ஓர் அளவில்தான் நல்ல கிட்டும் மட்டமான கிட்டும் பிரிந்து நிற்கும். தூள் குறைவாகப் போட்ட பெயின்ட் எத்தனை பூச்சு ஏற்றினாலும் இந்த எண்ணைக் கீழே இறக்காது.

நீளம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய இடைவெளிக்கும், கீறிய பஸ்பாருக்கும் இந்தப் பெயின்ட் வேண்டாம். பஸ்பாரில் பத்து ஆம்பியருக்கு மேல் ஓடும். அங்கே மெல்லிய செம்புப் பட்டையை வைத்துச் சால்டர் பண்ணவேண்டும் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கவேண்டும்), அல்லது வெள்ளி கலந்த இரண்டு பாக எபாக்சிப் பசையால் ஒட்டவேண்டும்.

பஸ்பாரிலிருந்து கழன்ற வயர்த் தகட்டுக்கும் அதே இரண்டு வழிதான். இங்கேதான் அதிகமான கண்ணாடிகள் பாழாகின்றன. ஃபெவிக்விக் வைத்து ஒட்டினால் இறுகப் பிடிக்கும், கரன்ட் போகாது. எம்-சீலும் அப்படியே. சாதாரணக் கடையில் கிடைக்கும் 60/40 சால்டரை (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) வைத்தால் வேறு சிக்கல்: உருகிய வெள்ளீயம் பஸ்பாரில் இருக்கும் வெள்ளியைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். அச்சடித்த பஸ்பாரோ காகிதத்தைவிட மெல்லியது. ஒருமுறை பிடிக்காமல் இரண்டாவது முறை வைத்தால் அந்த இடத்தில் வெறும் கண்ணாடி தெரியும், அப்புறம் ஒட்டுவதற்கு ஒன்றுமே இராது. 62/36/2 என்று போட்ட, இரண்டு சதவீதம் வெள்ளி கலந்த சால்டரை வரவழைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி ஏற்கெனவே கலந்திருப்பதால் அது பஸ்பாரை அதிகம் அரிக்காது. சால்டரிங் அயர்ன் 60 வாட்டுக்குக் குறையாமல், தட்டை முனையோடு. 25 வாட் அயர்னை வைத்து அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. தகட்டில் முதலில் சால்டரைத் தனியாகப் பூசிக்கொண்டு, கண்ணாடியின் அந்தப் பகுதியை ஹேர் டிரையரால் கை வைக்கச் சுடும் அளவுக்குச் சூடாக்கி, வைத்து, மூன்று விநாடியில் எடுத்துவிடவேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் ஒரே புள்ளியில் சூடு வைத்தால் மொத்தக் கண்ணாடியும் கற்கண்டாக உதிரலாம். பெயின்டுக்குப் பகை என்று சொன்ன வெயில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் நண்பன்.

சால்டரில் கை பழகாதவர்கள் எபாக்சிக்கே போகலாம். இரண்டு குழாயையும் அட்டையில் சொன்ன அளவில் கலந்து, தகட்டின் அடியில் மெல்லப் பூசி, மாஸ்க்கிங் டேப்பால் ஒரு நாள் அழுத்திக் கட்டவேண்டும். எதை வைத்து ஒட்டினாலும், தகடு ஏன் கழன்றது என்று பார்த்துவிடுங்கள். வயர் குட்டையாக இருந்து ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் இழுத்தால், புது ஒட்டும் அதே வழியில் போகும். தகட்டுக்குப் பக்கத்தில் வயர் கொஞ்சம் தொங்கலாக நிற்கவேண்டும்.

மாற்று வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. கரன்ட் கடத்தும் வெள்ளி மை ஊற்றிய பேனாக்கள் எழுத வசதி, ஆனால் எலக்ட்ரானிக்ஸ் போர்டுக்கு ஏற்றவை, ஒரு ஆம்பியர் ஓடும் கோட்டுக்குப் படலம் போதாது. பசையோடு வரும் ஒட்டுக் கோடு கிட், மொத்தக் கண்ணாடியும் பாழானவர்களுக்கு ஒரு வழி, தட்டைக் கண்ணாடியில் நன்றாக உட்காரும், நன்றாக வளைந்ததில் முடியாது. பாதிக் கோடுகளுக்கு மேல் அறுந்து, ஒவ்வொன்றிலும் பல வெட்டு என்றால் இன்னொரு கண்ணாடி தேடுவதே லாபம். சென்னைப் புதுப்பேட்டையில் ஜப்பானியக் கார் கண்ணாடிக்கு ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். போர்ஷே 944 மாதிரி கண்ணாடியை உலோகச் சட்டத்தில் பசைபோட்டு ஒட்டிய காரில் மாற்றுவது பெரிய வேலை. அங்கே ஒரு கோட்டுக்கு மூன்று வெட்டு இருந்தாலும் உட்கார்ந்து பூசுவதுதான் உத்தமம்.

இன்னும் ஃபிலிம் ஒட்டியபடியே நிற்கும் கார் என்றால் பிளேடைத் தொடவேண்டாம். ஃபிலிம் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்து, வெளிப்பக்கம் கறுப்புப் பாலித்தீன் விரித்து, ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் நிறுத்துங்கள். பசை இளகியதும் ஓரத்திலிருந்து, கோட்டின் திசையிலேயே, மெதுவாக இழுத்தால் வந்துவிடும். மிச்சப் பசையைச் சோப்புத் தண்ணீரும் துணியுமாக எடுக்கலாம்.

வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டியது: குப்பியின் அளவு சிறிது, ஆனால் நாலைந்து சிறு வெட்டுக்குத் தாராளம். திறந்த குப்பி மூடியை எவ்வளவு இறுக்கினாலும் சில மாதத்தில் கட்டியாகிவிடும், ஆகவே கோட்டையெல்லாம் அளந்து, எத்தனை வெட்டு என்று எண்ணிய பிறகே ஆர்டர் போடுங்கள். தகட்டுக்கான பசையும் சேர்ந்த கிட், தகடு கழன்றவர்களுக்கு மட்டும் லாபம். வெயில்காலத்தில் பார்சல் வந்தால் குப்பியைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே திரவம் அசைகிற உணர்வு இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.